ஓர் உயிரணுவில் முழுச்செடி

"கிழங்கை ஏன் விலக்க வேண்டும்?" என நம் இல்லத்துச் சிறார் வினவுவர். அவர்க்கு நாம் நேரிய விடை கூறுதல் கடமையாகும்.

தாவரங்கள் ஓரறிவுயிர்கள். அவற்றை நம் ஆகமம் பிரத்யேகம், சாதாரணம் என இரண்டாக வகுக்கிறது. ஓருடலை ஓருயிர் உடைமையாகக் கொள்வது பிரத்யேகம். அளவிறந்த உயிர்கள் ஓருடலைப் பொதுவாகக் கொள்வது சாதாரணம். கிழங்குகளில் இச்சாதாரண உயிர்கள் எண்ணிறந்து உறைவன என்பர்.

இனித் தாவரவியல் கூறுவதைக் காண்போம். ஒவ்வோர் உயிரணுவும் முழுச்செடியாக வளரக்கூடும் என ஹேபர்லாண்ட் என்னும் அறிஞர் 1902-இல் கருதினார். 1958-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்டு குழுவினர், காரட் கிழங்கின் சிறு துணுக்குகளைத் தேங்காய் நீர் கலந்த ஊட்டக் கரைசலில் வளர்த்தனர். பிரிந்த உயிரணுக்கள் பெருகித் திரண்டன. வேரும் தளிரும் விட்டுச் செடிகளாயின. 1965-இல், தனியே பிரித்தெடுத்த ஒற்றைப் புகையிலை உயிரணுவும் செடியாக வளர்க்கப்பெற்றது.

இதனால் ஆகமம் ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பிக்கப்பட்டது எனக் கூறுதல் பொருந்தாது. உயிரணு வேறு, ஜீவன் வேறு. ஜீவன் நுண்ணோக்கிக்குப் புலப்படாதது. ஆயினும், நாம் அரியும் சிறு துண்டிலும் வளரும் ஆற்றல் நிறைந்துள்ளதை இவ்வாய்வு காட்டுகிறது. மேலும், காயைப் பறித்தபின் கொடி நிற்கும். காரட்டை அகழ்ந்தால் செடியே மாயும்.

சிறார்க்கு ஆகமத்தையும் அறிவியலையும் கலவாது எடுத்துரைப்போம். விலக்கின் வேர் அஹிம்சையே என்பது அவர்க்குத் தானே விளங்கும்.