சேட்டின் சர்வரில் நம் தரவுத்தளம்

மும்பையை அடுத்த கல்யாணில் இருந்துகொண்டு வியாபார மென்பொருள் செய்யும் சிறு குழுவுக்கு வாடிக்கையாளர் பஞ்சம் கிடையாது. துர்காடி பாலத்தைத் தாண்டினால் பிவண்டிக் குடோன்கள். இந்தப் பக்கம் டோம்பிவிலி எம்ஐடிசி, அம்பர்நாத் தொழிற்சாலைகள். லோக்கல் ரயிலேறினால் தாராவி, மாட்டுங்கா, செம்பூர். இவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: சில வருஷத்துச் சரக்கு வரத்து, பில், வசூல் எல்லாவற்றையும் எப்படிப் புரட்டிக் கேட்டாலும் உடனே பதில் வர வேண்டும், ஆனால் டேட்டா எங்கள் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. கிளவுடில் வைக்கலாமே என்று வாதாடிப் பயனில்லை. தங்கள் விலைப்பட்டியல் போட்டியாளர் கண்ணில் பட்டுவிடும் என்று சேட் பயப்படுவதில் நியாயம் உண்டு.

வாடிக்கையாளரின் இயந்திரத்திலேயே தரவுத்தளத்தை நிறுவித் தருவது புது வித்தையும் அல்ல. ஸோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு, பல பொருட்களின் நிறுவியோடு போஸ்ட்கிரெஸையும் சேர்த்தே தருகிறது. வாங்கியவருக்கு உள்ளே ஒரு தரவுத்தளம் ஓடுவது தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நம் இலக்கும் அதுதான். நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில், தரவுத்தளம் என்றால் என்ன என்று தெரியாத ஒருவர் பொறுப்பில் அது ஓடப்போகிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு முடிவையும் அந்த ஆளை மனத்தில் வைத்து எடுங்கள். வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எதை நிறுவுவது

இரண்டே பெயர்களைப் பரிசீலித்தால் போதும். ஒன்று டக்டிபி. ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிலையத்தில் உருவாகி, 2024 ஜூனில் 1.0 பதிப்பைத் தொட்டது. தனி சர்வர் கிடையாது; உங்கள் நிரலுக்குள்ளேயே ஓடும், டேட்டா முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும், விண்டோஸிலும் ஓடும். இரவில் ஒருமுறை டேட்டா ஏற்றி, பகலில் பத்துப் பேர் அறிக்கை பார்ப்பதுதான் தேவை என்றால் இதுவே போதும். ஒரு நிபந்தனை உண்டு: ஒரு நேரத்தில் ஒரு புரோசஸ்தான் அந்தக் கோப்பில் எழுத முடியும். அதனால் ஏற்றுவதையும் கேட்பதையும் உங்கள் ஒரே நிரல் வழியாக நடத்துங்கள்.

மற்றது கிளிக்ஹவுஸ். யாண்டெக்ஸின் மெட்ரிகா என்ற இணையப் புள்ளிவிவரச் சேவைக்காக எழுதப்பட்டு, 2016 ஜூனில் திறமூலமாக வெளிவந்தது. நாள் முழுக்க ஸ்கேனர்களிலிருந்து டேட்டா வந்துகொண்டே இருக்கிறது, வரிசைகள் கோடிக்கணக்கில், பல நிரல்கள் ஒரே நேரத்தில் எழுத வேண்டும் என்றால் இதற்குப் போங்கள். இது விண்டோஸில் நேரடியாக ஓடாது, லினக்ஸ் வேண்டும்.

இரண்டின் உரிமமும் உங்கள் பொருளோடு சேர்த்து விநியோகிக்க இடம் தருகிறது. டக்டிபி எம்ஐடி உரிமம், கிளிக்ஹவுஸ் அப்பாச்சி 2.0. உரிம வாசகத்தின் நகலை உள்ளே வைக்க மறக்காதீர்கள்.

வாடிக்கையாளரிடம் ஒரே ஒரு இயந்திரம் இருக்கும்போது ரெப்ளிகா, கிளஸ்டர் என்று ஆசைப்படாதீர்கள். மூன்று இயந்திரம் வைத்தால் கெட்டுப்போவதற்கும் மூன்று இடம். ஒரு நல்ல இயந்திரமும் ஒழுங்கான பேக்கப்பும் குடோனுக்குப் போதும். கீழே வருவது பெரும்பாலும் கிளிக்ஹவுஸை வைத்துத்தான். டக்டிபிக்கு வேலை இதில் பாதிகூட வராது.

போய்ப் பாருங்கள்

இடத்தைப் பார்க்காமல் விலை சொல்லாதீர்கள். கல்யாண் ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்துப் போய், சர்வர் எந்த மாடியில் இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது உல்லாஸ் நதிக்கரை ஊர்களும் மூழ்கின. 2019 ஜூலையில் அதே நதி பெருகித்தான் பத்லாப்பூர் பக்கம் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் நின்றது. தரைத்தளத்தில், மேசைக்கடியில் சர்வர் இருந்தால் முதல் மாடிக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மாற்றாவிட்டால், கேட்டதற்கு எழுத்தாவது இருக்கும்.

அடுத்து மின்சாரம். 2020 அக்டோபர் 12 அன்று கல்வா–பட்கா மின்தடத்தில் ஏற்பட்ட கோளாறால் மும்பை, தானே, நவி மும்பை எல்லாம் ஒருசேர இருண்டு லோக்கல் ரயிலே நின்றது. பட்கா நமக்குப் பக்கத்து ஊர்தான். அந்த மாதிரி நாள் அபூர்வம். மழைக்காலத்துச் சின்னச் சின்ன மின்வெட்டு அபூர்வம் அல்ல. யுபிஎஸ் எத்தனை நிமிஷம் தாங்கும், ஜெனரேட்டர் லைன் சர்வர் அறைக்கு வருகிறதா என்று கேளுங்கள். ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் விளக்குக்கும் மட்டும் என்ற பதிலுக்குத் தயாராகவே போங்கள்.

பிறகு இயந்திரம். வழக்கமான இன்டெல், ஏஎம்டி சிப் என்றால் எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லாமல் கிளிக்ஹவுஸ் ஓடாது. இன்றைய சிப்கள் எல்லாவற்றிலும் அது உண்டு. சிக்கல் வருவது விர்ச்சுவல் மெஷினில்: ஐ.டி. ஆள் பொதுவான சிபியு வகையைத் தேர்ந்திருந்தால், கீழே நல்ல சிப் இருந்தும் அந்த வசதி உள்ளே தெரியாது. சிபியு தகவல் கோப்பில் ஒருமுறை தேடிப் பாருங்கள். இல்லையென்றால் ஹோஸ்டின் சிபியு வகையை அப்படியே காட்டச் சொல்லுங்கள். எஸ்எஸ்டி இருக்கிறதா, அதே இயந்திரத்தில் வேறென்ன ஓடுகிறது, இணையம் உண்டா என்பதையும் குறித்துக்கொண்டு கிளம்பலாம்.

பொட்டலம்

வாடிக்கையாளரின் சர்வரில் இணையம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பு எண் குறிப்பிட்ட நிறுவல் கோப்புகள், உங்கள் அமைப்புக் கோப்புகள், அட்டவணை உருவாக்கும் கட்டளைகள், சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் எல்லாம் ஒரே பொட்டலமாக, செக்சம்மோடு இருக்க வேண்டும். பென்டிரைவ் அனுமதிக்காத இடங்களில் எந்த வழியாகக் கோப்பு உள்ளே போகும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அங்கே போய் நின்றபின் கேட்டால் ஒரு நாள் வீண்.

கிளிக்ஹவுஸ் மாதாமாதம் புதுப் பதிப்பு விடும். வருஷத்தில் மார்ச், ஆகஸ்ட் பதிப்புகள் மட்டும் ஒரு வருஷ ஆதரவு உள்ள எல்டிஎஸ். அவற்றையே எடுங்கள். எல்லா வாடிக்கையாளரிடமும் ஒரே பதிப்பு ஓடட்டும்.

கதவுகள்

2025 ஜனவரியில் டீப்சீக் நிறுவனத்தின் கிளிக்ஹவுஸ் ஒன்று கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடப்பதை விஸ் நிறுவன ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 8123, 9000 என்ற இரண்டு போர்ட் வழியாகப் பத்து லட்சத்துக்கும் மேலான லாக் வரிகளை யார் வேண்டுமானாலும் படிக்க முடிந்தது. செயற்கை நுண்ணறிவில் உலகையே கலக்கிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

சாதாரணமாக நிறுவினால் கிளிக்ஹவுஸ் அதே இயந்திரத்திலிருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்கும். உங்கள் செயலியும் அதே இயந்திரத்தில் இருந்தால் அதை மாற்றவே மாற்றாதீர்கள். வேறு இயந்திரத்திலிருந்து வர வேண்டுமானால் அந்த ஒரு ஐபிக்கு மட்டும் ஃபயர்வாலில் வழிவிட்டு, டிஎல்எஸ் போடுங்கள். ‘டிஃபால்ட்’ பயனருக்குக் கடவுச்சொல் வையுங்கள். டேட்டா ஏற்ற ஒரு பயனர், அறிக்கைக்குப் படிக்க மட்டும் ஒரு பயனர், பேக்கப்புக்கு ஒருவர் என்று பிரியுங்கள். கடவுச்சொல் வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் வேறாக இருக்கட்டும். உங்கள் அமைப்புகளை மூலக் கோப்பில் எழுதாமல் அதற்கென உள்ள துணைக் கோப்புறையில் தனிக் கோப்பாகப் போட்டால், பதிப்பு மாற்றும்போது அவை தொலையாது.

நினைவகமும் வட்டும்

இயல்பாக விட்டால் கிளிக்ஹவுஸ் இயந்திர நினைவகத்தில் 90 சதவீதம் வரை எடுக்கும். அதே பெட்டியில் கணக்கு மென்பொருளும் ஓடினால் சண்டை வரும், பழி உங்கள் மேல் விழும். பாதியாகக் குறையுங்கள். 16 ஜிபிக்குக் குறைவான இயந்திரத்தில் மார்க் கேஷ் என்ற ஒதுக்கீட்டையும் குறைக்க வேண்டும். அதன் இயல்பு அளவே 5 ஜிபி. ஒரு க்வெரி இத்தனை நினைவகம், இத்தனை விநாடி என்று வரம்பு போடுங்கள். எந்த மேலாளராவது மொத்த வருஷத்தையும் தேதி வடிகட்டாமல் கேட்கத்தான் போகிறார்.

வட்டு நிரம்புவது பெரும்பாலும் வாடிக்கையாளரின் டேட்டாவால் அல்ல, தரவுத்தளம் தன்னைப் பற்றியே எழுதிக்கொள்ளும் லாக் அட்டவணைகளால். அவற்றுக்குக் காலவரம்பு வையுங்கள். உள்விவர லாக்குகளுக்கு மூன்று நாள் போதும். யார் எந்த க்வெரி கேட்டார் என்ற லாக்கை மட்டும் 180 நாள் வைத்திருங்கள்: அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவு லாக்குகளை அவ்வளவு காலம் பாதுகாக்கச் சொல்கிறது. சர்வர் கடிகாரத்தை என்ஐசி அல்லது என்பிஎல் நேரத்தோடு இசைக்கச் சொல்வதும் அதே உத்தரவுதான்.

அட்டவணை: நேரமும் பணமும்

நிறைய அறிக்கைகள் பொய் சொல்வது இங்கேதான். சர்வர் யுடிசி நேரத்தில் ஓடி, அட்டவணையிலும் நேர மண்டலம் சொல்லாமல் விட்டால், நள்ளிரவு முதல் காலை 5.30 வரை நடந்ததெல்லாம் முந்தைய நாள் கணக்கில் விழும். பகல் கடைக்கு இது தெரியவே தெரியாது. ராத்திரி முழுக்க லாரி ஏற்றி இறக்கும் பிவண்டிக் குடோனுக்கு தினசரிக் கணக்கே தப்பாகிவிடும். மாதக் கடைசியில் பதிவேட்டோடு ஒத்துப்போகாது. நேரம் வைக்கும் ஒவ்வொரு நெடுவரிசையிலும் ஆசியா/கொல்கத்தா என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

பணத்தை ஃப்ளோட்டில் வைக்காதீர்கள், டெசிமலில் வையுங்கள். பத்தாயிரம் பில் கூட்டும்போது வரும் சில பைசா வித்தியாசத்தைச் சேட்டின் கணக்குப்பிள்ளையான முனீம் கண்டுபிடிப்பார். அதன்பிறகு மற்ற எண்களையும் நம்ப மாட்டார்.

அட்டவணையை மாத வாரியாகப் பகுதி பிரியுங்கள். நாள் வாரியாக வேண்டாம். குட்டிக் குட்டிக் கோப்புகள் பெருகி எல்லாம் மெதுவாகும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், மாதப் பகுதி இருந்தால் ஆண்டுக் கணக்கும் எளிது. திருத்தப்பட்ட பில்லில் கவனம் வேண்டும்: பழையதை நீக்கும் வகை அட்டவணை இருந்தாலும், அந்த நீக்கம் பின்னணியில் எப்போதோதான் நடக்கும். அதுவரை கேட்கும் க்வெரியில் ‘ஃபைனல்’ சேர்க்காவிட்டால் ஒரே பில் இருமுறை கூடும்.

ஓட்டுநரின் கைபேசி எண், தொழிலாளியின் ஆதார் எண் போன்றவை பகுப்பாய்வுக்குத் தேவையே இல்லை. அவற்றை எடுக்காமலே விட்டுவிடுங்கள்; 2023 தனிநபர் தரவுச் சட்டம் பற்றிய பாதித் தலைவலி அங்கேயே தீரும்.

ஏற்றுதல்

ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு இன்சர்ட் என்று அனுப்பினால் கிளிக்ஹவுஸ் திணறும். குறைந்தது ஆயிரம் வரிசை, முடிந்தால் பத்தாயிரத்துக்கு மேல் சேர்த்து ஒரே கட்டாக அனுப்புங்கள்.

மின்வெட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. இயல்பு அமைப்பில் கிளிக்ஹவுஸ், ஒவ்வொரு இன்சர்ட்டும் வட்டில் உறுதியாகப் பதிந்ததா என்று காத்திருப்பதில்லை. ஒற்றை இயந்திரத்தில் திடீரென்று கரண்ட் போனால் கடைசிச் சில கட்டுகள் காணாமல் போகலாம். அதைத் தடுக்கும் அமைப்பு இருக்கிறது, வேகம் குறையும். அதைவிட நல்ல வழி, மூலக் கோப்புகளை இரண்டு மாதம் அழிக்காமல் வைத்திருந்து, அதற்குள் எப்போது வேண்டுமானாலும் பாதிக்கப்பட்ட மாதத்தை மறுபடி ஏற்றுவது. தனி அட்டவணையில் மாதம் முழுவதையும் ஏற்றி, எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் சரியென்று பார்த்து, ‘ரீப்ளேஸ் பார்ட்டிஷன்’ கட்டளையால் ஒரே வீச்சில் மாற்றிவிடலாம். பார்த்துக்கொண்டிருப்பவர் பாதி டேட்டாவைப் பார்க்க நேராது. எத்தனை முறை ஓட்டினாலும் விடை ஒன்றே.

இயந்திரம் எழுந்ததும் தரவுத்தளமும் தானே எழ வேண்டும். குடோனில் கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் நம்மூர்க்காரனாக இருந்து, “அண்ணா, கரண்ட் போய் இப்பதான் வந்துச்சு, ஏதாச்சும் பண்ணணுமா?” என்று போன் செய்தால், “ஒண்ணும் வேணாம் தம்பி” என்று சொல்ல முடிகிற நிலையில் அது இருக்க வேண்டும். யுபிஎஸ் ஒயரைப் பிடுங்கி அவர்கள் முன்னாலேயே சோதித்துக் காட்டுங்கள். கணக்கு மென்பொருளை முதலில் மூடச் சொல்லிவிட்டு.

பேக்கப்

கிளிக்ஹவுஸுக்குள்ளேயே பேக்கப் கட்டளை இருக்கிறது. வாரம் ஒருமுறை முழுமையாக, தினமும் மாறியதை மட்டும் என்று வையுங்கள். அதே வட்டில் வைத்தால் அது பேக்கப் ஆகாது. வேறு பெட்டிக்கு, முடிந்தால் வேறு கட்டடத்துக்குப் போக வேண்டும். நிறுவும் நாளிலேயே வெற்று இயந்திரம் ஒன்றில் மீட்டுக் காட்டுங்கள். கட்டளைகளை நீங்கள் தட்டாதீர்கள்: தாளில் எழுதிக்கொடுத்து அவர்கள் ஆளைத் தட்டச் சொல்லுங்கள். அவர் திணறும் வரியெல்லாம் தாளில் திருத்த வேண்டிய வரி.

தொலைவிலிருந்து

திரைப்பகிர்வுச் செயலியை எந்நேரமும் திறந்து வைக்கச் சொல்லாதீர்கள். வாடிக்கையாளரே திறந்து மூடும் விபிஎன், உங்கள் குழுவில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர். தினமும் காலையில் வட்டு இடம், கடைசி ஏற்றம், கடைசி பேக்கப் மூன்றையும் ஒரு வரியில் சொல்லும் மின்னஞ்சல் வந்தால் போதும். அது வராத நாள்தான் எச்சரிக்கை.

பதிப்பு உயர்த்துவது வருஷத்துக்கு ஒருமுறை. முதலில் உங்கள் அலுவலகத்தில் அதே அட்டவணைகளோடு ஓட்டிப் பாருங்கள். பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்று நம்பி இறங்காதீர்கள். திரும்பும் வழி பேக்கப் மட்டுமே. மார்ச் கடைசி வாரத்தில் தொடவே தொடாதீர்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில் அறிக்கை நின்றால் எந்த விளக்கமும் எடுபடாது.

விலகும் நாள்

ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிடுங்கள். பிரியும்போது எல்லா அட்டவணைகளையும் பார்கே கோப்புகளாகத் தருவோம், எந்த நெடுவரிசை எதைக் குறிக்கிறது என்ற பட்டியலோடு. அதை அவர்கள் டக்டிபியிலேயே திறந்து பார்த்துக்கொள்ளலாம். நம் பயனர்கள், விபிஎன் கணக்குகள், நம்மிடம் உள்ள சோதனை நகல்கள் அனைத்தும் இத்தனை நாளுக்குள் அழிக்கப்படும், அழித்ததற்குக் கடிதம் தரப்படும். சேட் இந்தப் பத்தியைத்தான் முதலில் படிப்பார்.