நீர் மறையும் நிலம்: மால்ஹம் சுண்ணாம்புக்கல் நாட்டில் ஒரு நாள் நடை

இங்கிலாந்தின் வடக்கே யோர்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவில் மால்ஹம் என்னும் சிறு கிராமம் உள்ளது. அதைச் சுற்றிச் செல்லும் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நடைபாதை, புவியியல் பயில்வோருக்கு ஒரு திறந்த பாடநூல் எனலாம்.

இப்பகுதியின் சுண்ணாம்புக்கல், 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் ஆழமற்ற வெப்பக் கடலில் வாழ்ந்த உயிரினங்களின் ஓடுகள் படிந்து உருவானதாகும். மழைநீர் வளியிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்மையான காபோனிக்கமிலமாகின்றது. அது பாறையிலுள்ள கல்சியம் காபனேற்றைக் கரைத்து, வெடிப்புகளை மெல்ல மெல்ல அகலமாக்குகின்றது.

கிராமத்திலிருந்து காலையில் புறப்படுபவர் முதலில் காண்பது ஜெனற்ஸ் ஃபொஸ் என்னும் சிறிய நீர்வீழ்ச்சி. இங்கு இத்தாக்கம் மறுபக்கமாக நடக்கின்றது. நீரிலிருந்து காபனீரொட்சைட்டு வெளியேற, கரைந்திருந்த சுண்ணாம்பு பாசியின் மேல் மீண்டும் கல்லாகப் படிகின்றது. அடுத்து வருவது கோர்டேல் ஸ்கார் என்னும் செங்குத்தான பள்ளத்தாக்கு.

மேட்டுநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 377 மீற்றர் உயரத்தில், மால்ஹம் டார்ன் ஏரி காணப்படுகின்றது. நீரை உறிஞ்சும் இந்நாட்டில் ஏரி எவ்வாறு நிலைத்தது? அதன் அடியில் நீர் ஊடுருவாத சிலேற்றுப் பாறை இருப்பதே காரணம். ஏரியிலிருந்து புறப்படும் ஓடை சுண்ணாம்புக்கல்லைத் தொட்டதும் சற்றுத் தூரத்தில் நிலத்துள் மறைந்துவிடுகின்றது. அந்நீர் அருகிலுள்ள மால்ஹம் கோவ் பாறைச் சுவரின் அடியில் வெளிவரும் என்றே பார்ப்பவர் எண்ணுவர். ஆனால் நீரில் சாயம் கலந்து செய்த சோதனைகள், அது கிராமத்துக்கும் தெற்கே உள்ள ஏர்ஹெட் ஊற்றுகளுக்குச் செல்வதைக் காட்டின.

அடுத்து வற்லோஸ் என்னும் வறண்ட பள்ளத்தாக்கு. பனிக்காலத்தில் நிலம் உறைந்திருந்ததால், உருகிய நீர் கீழிறங்க வழியின்றி மேலே ஓடி இதனைக் குடைந்தது. அதன் முடிவில் சுமார் 80 மீற்றர் உயரமான மால்ஹம் கோவ் நிற்கின்றது. 2015 டிசம்பர் பெருமழையின்போது, நெடுங்காலத்தின் பின் அதன் உச்சியிலிருந்து நீர் அருவியாக விழுந்தது.

கோவின் உச்சியில் கற்றளம் பரந்துள்ளது. பனியாறு மண்ணைச் சுரண்டியகற்ற, மழைநீர் கல்லைப் பாளங்களாகப் பிரித்தது. பாளங்களுக்கு இடையிலுள்ள ஆழமான பிளவுகளில் காற்றும் ஆடுகளும் எட்டாத நிழலில் பன்னங்கள் வளர்கின்றன. இத்தகைய கற்றளங்களைப் பெயர்த்து வீட்டுத் தோட்டங்களுக்கு அலங்காரக் கல்லாக விற்றனர். இதைத் தடுக்க 1981 ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டம் வழிசெய்தது. ஆயினும் பெயர்த்த கல் மீண்டும் வளராது.

இதில் எமக்கும் பாடம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணாம்புக்கல் நிலமே. அங்கும் நிலத்தில் இடும் பசளையும் கழிவும் வெடிப்புகளினூடாகக் கிணற்று நீரை விரைவில் அடைகின்றன. மறைந்த நீர் அழிந்த நீரல்ல. அது இன்னொருவரின் குடத்துக்குச் செல்கின்றது. நிலமும் நீரும் இறைவன் எம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைப் பேணுவது எம் அனைவரதும் கடமையாகும்.