வேலையை விட்டவரின் குடும்பப் பாதுகாப்பு

காரியாபட்டியிலிருந்து சிவகாசிப் பக்கம் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்கும் மற்றத் தொழிற்கூடங்களுக்கும் வேலைக்குச் செல்வோர் பலர். அவர்களில் ஒருவர் ஆலையை விட்டு நின்று சொந்தமாகக் கடை வைக்கிறார். "பி.எஃப். கணக்குதான் இருக்கிறதே, நமக்கு ஏதும் நேர்ந்தால் இன்சூரன்ஸ் பணம் வீட்டுக்கு வந்துவிடும்" என்று நம்புகிறார். இது சரிதானா?

சரியன்று. பி.எஃப். சேமிப்பு வேறு, அதோடு இணைந்த இன்சூரன்ஸ் வேறு. இத்திட்டம் 1976இல் ஏற்பட்டது. தொழிலாளி காசு கட்டுவதில்லை, முதலாளியே செலுத்துகிறார். பணியில் இருக்கும்போது மரணம் நேர்ந்தால், 2021 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். வேலையை விட்டு நின்றவருக்குச் சேமிப்பு அப்படியே இருக்கும், இன்சூரன்ஸ் நின்றுவிடும். வேறு ஆலையில் சேர்ந்து அங்கே பி.எஃப். பிடித்தால் மீண்டும் உண்டு. சில நிறுவனங்கள் தனியே எடுக்கும் குழுப் பாலிசியைச் சொந்தப் பெயருக்கு மாற்ற இடமிருக்கலாம். அதற்குக் கெடு உண்டு. ஆகவே கணக்குத் தீர்க்கும் முன்பே கேட்டு அறிக.

சொந்தப் பாலிசி எடுக்கலாமா? நிச்சயமின்மை கலந்திருப்பதால் வணிக இன்சூரன்ஸ் கூடாதென்று 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையை ஆகுமாக்கியது. வங்கி மூலம் ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டி 2 லட்சம் பெறும் அரசுத் திட்டம் வேலையைச் சார்ந்ததன்று. 18 முதல் 50 வயதுள்ளோர் சேரலாம். ஆனால் அதிலும் நாமே பிரீமியம் கட்டுகிறோம். எனவே ஊர் ஆலிமிடம் தம் நிலையைச் சொல்லிக் கேட்டே முடிவு செய்க.

வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும்படி விடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே மேல் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஸஅது (ரலி) அவர்களுக்கு உபதேசித்தார்கள். ஆகவே வேலையை விடுபவர் மூன்று காரியங்கள் செய்க:

1. பி.எஃப். பணத்தை அவசரப்பட்டு எடுத்துச் செலவழிக்காதீர். நாமினி பெயரைச் சரிபார்ப்பீர்.

2. கடன்களை எழுதி வைப்பீர். கடனும் வஸிய்யத்தும் தீர்ந்த பின்னரே வாரிசுப் பங்கு.

3. மஹல்லாவில் பத்துப் பேர் சேர்ந்தேனும், நன்கொடை நிய்யத்தோடு ஓர் உதவி நிதி தொடங்குவீர்.

இன்றிரவே மனைவியிடம் இந்த விவரங்களைச் சொல்லி வைப்பீர். முயற்சி நம்முடையது, காப்பவன் அல்லாஹ்வே. வஸ்ஸலாம்.