கங்கைகொண்டானில் இருந்தபடியே வளைகுடாப் பயணத்துக்குத் தயாராக

டிக்கெட் கைக்கு வந்த பிறகு ஓடத் தொடங்கினால் எதுவும் ஒழுங்காக முடியாது. வளைகுடா வேலைக்குக் கிளம்புகிறவர் செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதியைக் கங்கைகொண்டானில் இருந்தபடியே, திருநெல்வேலிக்குச் சில தடவை போய்வந்தே முடித்துவிடலாம். வளைகுடாவுக்குப் போன பிறகு அதே வேலைக்கு லீவும் பணமும் சேர்ந்து கரையும்.

முதலில் பாஸ்போர்ட். ஆன்லைனில் 1,500 ரூபாய் கட்டி, திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையத்துக்குத் தேதி வாங்குங்கள். அதற்கும் முன்னால் பெயரைச் சரிபாருங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. ஆகவே அப்பா பெயரை முழுதாக எழுதுங்கள். ஆதார், மார்க்‌ஷீட், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். மாறியிருந்தால் அதைத் திருத்திவிட்டே விண்ணப்பியுங்கள். பத்தாம் வகுப்பு தேறியவர்கள் சான்றிதழை மறக்காமல் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஈசிஆர் பாஸ்போர்ட் வரும். அதை வைத்துக்கொண்டு வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வு அனுமதி வாங்கியாக வேண்டும்.

அடுத்து ஏஜென்ட். சொந்தக்காரரே சொன்னாலும், அரசின் இமைகிரேட் இணையதளத்தில் அந்த ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று பார்த்த பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள். பதிவு பெற்றவர் உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுக்கச் சொல்கிறவரை நம்பாதீர்கள். “விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்” என்கிறவரிடம் ஒரு நிமிடம்கூட நிற்க வேண்டாம். அப்படிப் போனவருக்கு அங்கே சம்பளம் கேட்கவே வழியில்லாமல் போகலாம். ஈசிஆர்காரர்கள் எடுக்க வேண்டிய பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய்தான். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் கிடைக்கும்.

இனி வீட்டு விவகாரம். நிலம், வீடு சம்பந்தமாக உங்களுக்குப் பதில் யாராவது கையெழுத்துப் போட வேண்டியிருக்குமானால், சார்பதிவாளர் அலுவலகத்தில் அதிகாரப் பத்திரத்தைப் பதிந்துவிட்டுப் போங்கள். வரி கட்ட, வாடகை வாங்க, பட்டா மாற்ற என்று வேலையைக் குறிப்பிட்டே எழுதுங்கள். சிப்காட் தொழிற்பேட்டை வந்த ஊர் இது, நிலத்தின் மேல் பலருக்கும் கண் இருக்கும். விற்கும் அதிகாரத்தை அண்ணன் தம்பிக்குக்கூட யோசிக்காமல் எழுதிக்கொடுக்கக் கூடாது. பேங்க்கில் சொல்லிச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ ஆக மாற்றுங்கள், சம்பளம் அனுப்ப என்ஆர்இ கணக்கு ஒன்று தொடங்குங்கள், நாமினி பெயரையும் பாருங்கள். பேங்க்கில் கொடுத்த சிம் செத்துப்போனால் ஓடிபி வராது. ரோமிங் போட்டு, ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் விடுங்கள்.

பெட்டி கட்டும்போது மசாலாப் பொட்டலங்களை அம்மாவோடு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். கசகசா ஒரு சிட்டிகைகூட இருக்கக் கூடாது. வளைகுடா நாடுகளில் அது போதைப்பொருள் கணக்கில் வரும். சிறைக்குப் போனவர்கள் உண்டு. டிரமடால், கோடீன் கலந்த மாத்திரைகளும் அப்படித்தான். வேறு மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு கூடவே இருக்கட்டும்.

கடைசியாக, பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றின் நகலையும் வீட்டில் ஒருவர் கையில் கொடுத்துவிட்டே வண்டி ஏறுங்கள். அங்கே தகராறு வந்தால், இந்தியத் தூதரகத்திலோ சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத் துறையிலோ வீட்டார் ஆதாரத்தோடு முறையிட அந்த நகல்கள் வேண்டும்.