ஒன்பதால் வகுபடும் வித்தியாசம்

கணினி வருவதற்கு முந்தைய நாள்களில், மாலையில் பற்று, வரவு இரண்டின் கூட்டுத்தொகையும் ஒத்துவராவிட்டால், அனுபவம் மிக்க வங்கி எழுத்தர் பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கமாட்டார். முதலில் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார். மீதியின்றி வகுபட்டால், ஏதோ ஓர் எண்ணின் இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கலாம் என்பது அவருடைய முதல் ஐயம். அது ஏன் ஒன்பது என்பதை ஆறாம் வகுப்பு மாணவர் ஒருவர் தாமே கண்டுபிடிக்க முடியும்.

72 என்பதை 27 என்று எழுதிவிட்டோம் என்று கொள்வோம். பத்தின் இடத்தில் 70 ஆக இருந்த ஏழு, ஒன்றின் இடத்திற்கு வந்ததும் வெறும் 7 ஆகிறது, இழப்பு 63. ஒன்றின் இடத்தில் 2 ஆக இருந்த இரண்டு, பத்தின் இடத்திற்குப் போனதும் 20 ஆகிறது, ஆதாயம் 18. நிகர இழப்பு 45. கீழே இறங்கும் இலக்கம் தன்னைப்போல் ஒன்பது மடங்கை இழக்கிறது. மேலே ஏறும் இலக்கம் தன்னைப்போல் ஒன்பது மடங்கைப் பெறுகிறது. ஆகவே வித்தியாசம், அவ்விரு இலக்கங்களின் வித்தியாசத்தைப் போல் ஒன்பது மடங்கு. ஏழில் இரண்டு போக ஐந்து; ஐயொன்பது நாற்பத்தைந்து.

இனித் துப்பறியும் வேலை. கணக்கில் 450 ரூபாய் இடிக்கிறது. ஒன்பதால் வகுத்தால் 50. கடைசியில் ஒரு சுழியம் இருப்பதால், பிழை பத்தின் இடத்திற்கும் நூறின் இடத்திற்கும் இடையே நிகழ்ந்திருக்க வேண்டும். முன்னால் நிற்கும் 5, மாறிய இலக்கங்களின் வித்தியாசம் ஐந்து என்கிறது. பேரேட்டில் அத்தகைய எண்களை மட்டும் பார்த்தால் போதும். 4,725 என்பது 4,275 என்று பதிவாகியிருப்பது சில நிமிடங்களில் கண்ணில் படும். வித்தியாசம் 3,600 ஆக இருந்தால் எங்கே தேடுவது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். ஆயிரத்திற்கும் நூறுக்கும் இடையே, வித்தியாசம் நான்கு உள்ள இலக்கங்களை என்று அவர்கள் சொல்லிவிட்டால், பாடம் புரிந்துவிட்டது.

ஓர் எச்சரிக்கை. 450 ரூபாய்க்கான ஒரு பதிவு முழுவதுமாக விடுபட்டிருந்தாலும் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும். எனவே இச்சோதனை வழிகாட்டுமே தவிரத் தீர்ப்புக் கூறாது. கணிதப் பாடத்தில் இந்த வேறுபாட்டை விளக்காமல் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்விப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இலக்கங்களை எப்படிக் கலைத்து அடுக்கினாலும் இதே விதி செல்லும். நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர், 1949இல் சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் அறிவித்த 6174 என்ற எண்ணும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. நான்கும் ஒன்றாக இல்லாத ஒரு நான்கிலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழிக்க வேண்டும். 3524இல் தொடங்கினால் 5432 − 2345 = 3087; 8730 − 0378 = 8352; 8532 − 2358 = 6174. அதற்குப் பின் அந்த எண்ணிலேயே நின்றுவிடும். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் இவ்விடம் வந்து சேரும். வழியில் கிடைத்த மூன்று எண்களின் இலக்கங்களையும் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 18.

இப்போது ஒரு பழைய புதிர். ஒருவர் காசோலையை மாற்றுகிறார். காசாளர் ரூபாயைப் பைசாவாகவும் பைசாவை ரூபாயாகவும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார். பெற்றவர் ஐம்பது பைசாவைச் செலவிட்டபின் எண்ணிப் பார்க்கிறார்; காசோலைத் தொகையைப் போல் சரியாக இரு மடங்கு கையில் இருக்கிறது. காசோலைத் தொகை எவ்வளவு? (அத்தனை சிறிய தொகைக்கு யார் காசோலை எழுதுவார் என்று கேட்கக் கூடாது.)

காசோலையில் உள்ள ரூபாயை இரட்டித்துப் பாருங்கள். அதன் பைசாவையும் இரட்டித்து, செலவான ஐம்பதைச் சேர்த்தால் அதிகப்படியாக 248 பைசா வரும். ஆகவே பெற்ற ரூபாய், காசோலை ரூபாயின் இரு மடங்காகவோ, அதைவிட ஒன்று அல்லது இரண்டு கூடுதலாகவோதான் இருக்க முடியும். ஒன்று கூடுதல் என்று கொள்வோம். பெற்ற ரூபாயின் எண்தானே காசோலையின் பைசா? எனவே பைசா, ரூபாயின் இரு மடங்கும் ஒன்றும். அதை இரட்டித்தால் நான்கு மடங்கும் இரண்டும். ஐம்பதைச் சேர்த்தால் நான்கு மடங்கும் 52உம். இதிலிருந்து நூறு பைசா ஒரு ரூபாயாக மேலே போனபின் எஞ்சுவது, காசோலை ரூபாயின் எண்ணே. ஆக, மூன்று மடங்கு 48. ரூபாய் 16, பைசா 33. சரிபார்ப்போம்: 33.16இல் 0.50 போக 32.66, அது 16.33இன் இரு மடங்கு. மற்ற இரு வாய்ப்புகளிலும் விடை கிட்டாது. அதை மாணவர்களே செய்து பார்க்கட்டும். காசாளர் கூடுதலாகக் கொடுத்தது 1,683 பைசா. அதுவும் ஒன்பதால் வகுபடும்.

இடமாற்றப் பிழை பேரேட்டோடு ஒழிந்துவிடவில்லை. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாகப் பணம் அனுப்பும்போது, தொகை எங்கே போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிப்பது கணக்கு எண். பெறுபவரின் பெயர் அன்று. இரு இலக்கங்கள் மாறிப்போய், மாறிய எண்ணில் வேறொருவரின் கணக்கு இருந்துவிட்டால், மகளின் கல்லூரிக் கட்டணம் முன்பின் அறியாதவரிடம் போய்விடும். திரும்பப் பெறுவதற்கு அவருடைய இசைவை எதிர்பார்த்து நிற்க நேரும். ஆகவே பெயரைக் காட்டும் வசதி இருக்குமிடத்தில் அதைத் தவறாது பாருங்கள்.

அட்டை எண்களில் இப்பிழையைப் பிடிக்க ஒரு காவலர் உண்டு. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். ஐபிஎம் பொறியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1960இல் காப்புரிமை பெற்ற முறை அது. கற்பனையாக 48272 என்று ஓர் எண். கடைசி 2ஐ விட்டுவிட்டு, வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டியுங்கள். ஏழு 14 ஆகி, 1 + 4 = 5; அடுத்த இரண்டு அப்படியே; எட்டு 16 ஆகி, 1 + 6 = 7; நான்கு அப்படியே. மொத்தம் 18, விட்ட 2ஐச் சேர்த்தால் 20. பத்தின் மடங்கு, எண் சரி. முதல் இரண்டையும் மாற்றி 84272 என்று எழுதினால் 25 வரும், பிழை பிடிபட்டது. ஆனால் 09, 90 ஆக மாறினால் இம்முறைக்குத் தெரியாது. ஏன் என்று பிள்ளைகள் கூறட்டும். ஆதார் எண்ணில் பயன்படும் வெர்ஹூஃப் முறை அதையும் பிடித்துவிடும். ஆனால் அதன் கணக்கு கல்லூரி மாணவர்களுக்கு உரியது.

காலாவதியான அட்டை ஒன்றின் எண்ணை வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். நடப்பிலுள்ள அட்டையின் எண்ணைப் பயிற்சிக்கென்று பள்ளிக்கு எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டா. அதற்குப் பதிலாக இதைக் கொடுங்கள்: 53_64 என்ற எண்ணில் நடு இலக்கம் அழிந்துவிட்டது; அது என்ன? விடை 2.