எந்த லாரியை முதலில் டாக்கில் விடுவது?

விடியற்காலையில் ஒரகடம் பக்கம் போனால் குடோன் வாசல்களில் லாரிகள் நிற்பதைப் பார்க்கலாம். டிரைவர் கையில் டோக்கன் இருக்கும். சரக்கு இறக்கும் டாக் எப்போது காலியாகும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அந்தக் காத்திருப்பைக் குறைக்கப் பல வழிகள் உண்டு. உங்கள் குடோனுக்கு எது பொருந்தும்?

வந்த வரிசைப்படி டோக்கன் கொடுத்தால் சண்டை வராது. கூட்டம் இல்லாத இடத்துக்கு அதுவே போதும். கூட்டம் சேர்ந்தால் கணக்கு மாறும். ஒரே டாக்குக்கு மூன்று லாரிகள் காத்திருக்கின்றன. சரக்கு இறக்க முதல் லாரிக்கு 90 நிமிடம், அடுத்ததற்கு 30, கடைசிக்கு 20 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். டோக்கன்படி விட்டால் இரண்டாவது லாரி 90 நிமிடம், மூன்றாவது 120 நிமிடம் நிற்கும், மொத்தம் 210. சின்ன லோடிலிருந்து தொடங்கினால் 20, 50 என மொத்தம் 70 நிமிடம்தான். கூடுதலாக ஒரு லோடுமேன்கூடத் தேவையில்லை. அவசரச் சரக்கு இருந்தால், அவசரத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டு, அதை இறக்கும் நேரத்தால் வகுத்து, பெரிய விடை வரும் லாரியை முதலில் விடலாம். 1956இல் டபிள்யூ. இ. ஸ்மித் தந்த விதி இது. எக்ஸெல்லிலேயே போடலாம். ஆனால் பெரிய லோடுக்காரர் நாள் முழுக்கப் பின்னுக்குத் தள்ளப்படக் கூடாது. அதிகபட்சக் காத்திருப்புக்கு ஒரு வரம்பு கட்டாயம் வையுங்கள்.

எல்லா லாரியும் காலையிலேயே வந்து குவிகிறதா? அப்போது வரிசையை மாற்றினால் மட்டும் போதாது. ஒவ்வொரு லாரியும் வர வேண்டிய நேரத்தை முன்பே குறித்து ஸ்லாட் கொடுக்க வேண்டும். உள்ளூர் சப்ளையர்களுக்கு ஸ்லாட், வெளிமாநில லாரிகளுக்கு டோக்கன் என்று கலந்து வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பேன்.

டாக்குகள் பல, குளிர்சாதன லாரிக்கு இன்ன டாக்தான், ஃபோர்க்லிஃப்ட் இரண்டுதான் என்று நிபந்தனைகள் சேரும்போது மனக்கணக்கு தோற்றுவிடும். ஒரே டாக்கில் 10 லாரிகளை நிறுத்தவே 36,28,800 வரிசைகள் உண்டு. 15 லாரிகள் என்றால் 1.3 லட்சம் கோடி. இங்கே கூகுளின் ஓஆர்-டூல்ஸ் போன்ற இலவச மென்பொருள் கைகொடுக்கும். கிடைத்த விடை மிகச் சிறந்த விடையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு தள்ளியிருக்கும் என்றும் அது சொல்லும். விடைகளைக் கலந்து படிப்படியாக மேம்படுத்தும் மரபணு அல்காரிதம் அந்த உத்தரவாதத்தைத் தராது. வந்த சரக்கை நேரே வேறு லாரிக்கு மாற்றும், நூற்றுக்கணக்கான லாரிகள் வரும் கிராஸ்-டாக் மையத்தில், சீக்கிரம் ஒரு நல்ல விடை போதும் என்றால் அதை நாடலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், முதலில் இரண்டு வாரம் ஒவ்வொரு லாரியும் கேட்டுக்கு வந்த நேரம், டாக்கில் ஏறிய நேரம், இறக்கி முடித்த நேரம், வெளியேறிய நேரம் நான்கையும் ரிஜிஸ்டரில் எழுதி வையுங்கள். எல்லா லாரிக்கும் ‘சுமார் ஒரு மணி நேரம்’ என்று எழுதினால், எது சின்ன லோடு என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது.