எண்ணெய்க் கப்பல் ‘நியோஷோ’: போர்க்கடலில் சொல்லும் செயலும்

முன்னுரை

கடற்போர் வரலாறு எழுதுவோர் பீரங்கி ஏந்திய கப்பல்களையும் அவற்றைச் செலுத்திய தளபதிகளையும் விரித்துரைப்பர். அக்கப்பல்கள் இயங்குவதற்கு எரிபொருள் சுமந்து சென்ற எண்ணெய்க் கப்பல்களோ பெரும்பாலும் அடிக்குறிப்பிலேயே இடம்பெறுகின்றன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்கு எண்ணெய் சுமந்த ‘நியோஷோ’ அத்தகையதொரு கப்பல். அதன் வரலாறு மொழி பயில்வோரும் கற்கத்தக்கது. அக்கப்பலின் அழிவிலும் அதன் மாலுமிகள் பலரது சாவிலும் குண்டுகளுக்குப் பங்கிருந்தது போலவே பிழைபட்ட சொற்களுக்கும் பங்கிருந்தது. அதனை இக்கட்டுரையில் காண்போம்.

கப்பலும் அதன் பணியும்

நியோஷோ என்பது அமெரிக்க நாட்டின் கான்சாஸ், ஒக்லகோமா மாநிலங்களில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர். அமெரிக்கக் கடற்படை தன் எண்ணெய்க் கப்பல்களுக்கு ஆறுகளின் பெயரைச் சூட்டுவது அக்காலத்து வழக்கமாக இருந்தது. நியூ ஜெர்சி மாநிலத்துக் கியர்னி நகரில் கட்டப்பெற்ற இக்கப்பல், 1939 ஆகஸ்டு 7ஆம் நாள் கடற்படைப் பணியில் சேர்ந்தது. நீளம் 553 அடி. அகலம் 75 அடி. வேகம் மணிக்கு 18 கடல் மைல். போர்க்கப்பல்களோடு உடன் செல்லவல்ல இவ்வேகமே சாதாரண வணிக எண்ணெய்க் கப்பல்களினின்று இதனை வேறுபடுத்தியது.

நடுக்கடலில் எண்ணெய் வழங்குதல் எளிய செயலன்று. இரு கப்பல்களும் அருகருகே, ஒரே திசையில், ஒரே வேகத்தில் செல்லவேண்டும். இடையே வடங்களைக் கட்டிக் குழாய்களைத் தொங்கவிட்டு எண்ணெயைச் செலுத்துவர். சுக்கான் சற்றே பிசகினும் கப்பல்கள் மோதும். அல்லது குழாய் அறும். இம்முறையை அமெரிக்கக் கடற்படை 1917இல் ‘மாமீ’ என்னும் கப்பலில் செய்துகாட்டியது. அதனை உருவாக்கியதில் பெரும்பங்கு கொண்ட இளம் அதிகாரி செஸ்டர் நிமிட்ஸ். 1942இல் பசிபிக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

1941 டிசம்பர் 7ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியபோது, நியோஷோ அங்கே பெரும் போர்க்கப்பல்களின் வரிசைக்கு நடுவே நின்றது. விமான எரிபொருளை அப்பொழுதுதான் இறக்கியிருந்தது. தீப்பற்றினால் அருகிலிருந்த கப்பல்களுக்கும் பேராபத்து விளையும். கப்பல் தலைவர் ஜான் பிலிப்ஸ், குண்டுமழைக்கு நடுவே கப்பலைப் பின்னோக்கி நகர்த்திப் பாதுகாப்பான இடம் சேர்த்தார். அதற்காக அவருக்குக் கடற்படைச் சிலுவை விருது வழங்கப்பெற்றது.

முதற்பிழை: கண்டு சொன்ன சொல்

ஐந்து திங்கள் கழிந்தன. ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே பவளக்கடலில் இரு நாட்டுக் கடற்படைகளும் எதிரெதிர் வந்தன. நியூகினித் தீவின் மோர்ஸ்பித் துறைமுகத்தைக் கைப்பற்றுவது ஜப்பானியர் நோக்கம். 1942 மே 6ஆம் நாள் ‘யார்க்டவுன்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலுக்கும் ‘அஸ்டோரியா’ என்னும் குரூசர் கப்பலுக்கும் நியோஷோ எண்ணெய் வழங்கியது. பின்னர் ‘சிம்ஸ்’ என்னும் நாசகாரிக் கப்பல் ஒன்றை மட்டும் துணைகொண்டு தெற்கே ஒதுங்கிச் சென்றது.

மறுநாட் காலை ஜப்பானிய வேவு விமானத்தார் இவ்விரு கப்பல்களையும் வானிலிருந்து கண்டனர். ‘ஒரு விமானந்தாங்கிக் கப்பலும் ஒரு குரூசர் கப்பலும்’ எனச் செய்தி அனுப்பினர். நீண்டு தட்டையாகத் தோன்றிய எண்ணெய்க் கப்பலை விமானந்தாங்கிக் கப்பலாக அவர்கள் கொண்டனர். அச்சொல்லை நம்பி, ‘ஷோகாகு’, ‘சூயிகாகு’ என்னும் இரு கப்பல்களினின்றும் 78 விமானங்கள் புறப்பட்டன. வந்தவர்கள் நெடுநேரம் தேடியும் விமானந்தாங்கிக் கப்பலைக் காணவில்லை. உண்மை தெளிந்தபின், பாய்ந்து குண்டுவீசும் விமானங்கள் 36 இவ்விரு கப்பல்கள் மீதே இறங்கின. சிம்ஸ் உடனே மூழ்கியது. உயிர் தப்பியோர் மிகச் சிலரே. நியோஷோ மீது 7 குண்டுகள் விழுந்தன. ஒரு விமானமும் வந்து மோதியது.

அதே காலையில் அமெரிக்கர் பக்கத்திலும் இத்தகைய பிழை நிகழ்ந்தது. வேவு விமானத்தின் செய்தி குறியீட்டில் தவறியமையால், சிறு கப்பல்கள் இரு விமானந்தாங்கிக் கப்பல்களாகவும் நான்கு குரூசர்களாகவும் அறிவிக்கப்பெற்றன. அதனை நம்பி 93 விமானங்கள் ஏவப்பட்டன. ஆயினும் வழியில் கிடைத்த வேறொரு செய்தியால் அவை ‘ஷோகோ’ என்னும் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பலைக் கண்டு மூழ்கடித்தன. இருதரப்பும் பிழை செய்தன. ஒரு தரப்பு தப்பியது. பிழையின் விளைவு பிழை செய்தவன் கையில் இருப்பதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இரண்டாம் பிழை: கேட்டுக்கொண்ட சொல்

எரியும் கப்பலில் தலைவர் பிலிப்ஸ் இட்ட ஆணை, கப்பலைக் கைவிடுவதற்கு ஆயத்தம் செய்து காத்திருங்கள் என்பது. ஆயின் பலர் செவியில் ‘கைவிடுங்கள்’ என்பது மட்டுமே விழுந்தது. ‘ஆயத்தம்’, ‘காத்திருங்கள்’ என்னும் சொற்கள் ஆரவாரத்தில் கரைந்துபோயின. மிதவைகள் கடலில் இறக்கப்பட்டன. பலர் நீரில் குதித்தனர். சிலரைப் படகுகள் மீட்டன. மிதவைகளோ அலைகளால் இழுக்கப்பட்டு மறைந்தன.

கப்பலோ மூழ்கவில்லை! எண்ணெய்க் கப்பலின் உட்புறம் பல தனித்தனித் தொட்டிகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். எண்ணெய் வழங்கி வெறுமையான தொட்டிகளில் இருந்த காற்று, உடைந்த கப்பலைத் தாங்கிநின்றது. நான்கு நாட்கள் அது சாய்ந்தவாறே மிதந்தது. காத்திருந்தோருக்கு வாழ்வு இருந்தது.

மூன்றாம் பிழை: எழுதிய எண்

கப்பல் நிற்கும் இடத்தைக் குறித்தனுப்பிய அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் தவறாகக் கணிக்கப்பட்டிருந்தன. மீட்க வந்தோர் தவறான இடத்தில் தேடினர். இறுதியில் விமானங்கள் கண்டறிந்து சொல்ல, மே 11ஆம் நாள் ‘ஹென்லி’ என்னும் நாசகாரிக் கப்பல் வந்து, இரு கப்பல்களையும் சேர்ந்த 123 பேரை மீட்டது. பின்னர் நியோஷோவை அக்கப்பலே தாக்கி மூழ்கடித்தது.

ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட மிதவைகளில் சென்றோர் 68 பேர். அவர்களுக்குப் போதிய குடிநீரும் உணவும் இல்லை. ஒரு வாரத்துக்கும் மேலாகிய பின் ‘ஹெல்ம்’ என்னும் கப்பல் அவர்களைக் கண்டபோது, உயிரோடு இருந்தோர் நால்வரே.

‘மாலுமி’ என்னும் நம் சொல், கற்பிப்போன் எனப் பொருள்படும் ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லினின்று வந்தது என்பர் சொல்லாய்வாளர். கடலில் இடமும் வழியும் கணிப்பவனை ஆசிரியன் என்றே நம் கடலோடி முன்னோர் கருதினர். அவன் எழுதும் ஓர் எண்ணில் எத்தனை உயிர்கள் அடங்கியுள்ளன என்பதை நோக்கின், அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

சொல்லின்றி நின்ற செயல்

இப்பிழைகளுக்கிடையே பிழையாத செயல் ஒன்றும் உண்டு. ஆஸ்கர் பீட்டர்சன் என்பார் கொதிகலப் பிரிவின் தலைமைப் பணியாளர்; பழுதுபார்க்கும் குழுவொன்றின் பொறுப்பாளர். அவர்தம் குழுவினர் அனைவரும் காயமுற்றனர். அவரும் கடுங்காயம் பட்டிருந்தார். ஆயினும் கொதிக்கும் நீராவிக்கு நடுவே தனியராய்ச் சென்று, நீராவிக் குழாய்களின் தடுப்பு வால்வுகளை மூடினார். அதனால் மேலும் தீப்புண் பட்டார். மீட்கப்பட்ட பின்னர் மே 13ஆம் நாள் உயிர்நீத்தார். அமெரிக்க நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் அவருக்கு வழங்கப்பெற்றது. போர்க்கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரும் சூட்டப்பெற்றது. எனினும் அப்பதக்கம் முறையான விழாவில் அவர் குடும்பத்தாரிடம் அளிக்கப்பெற்றது 2010இல்தான். தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதை இறுதிவரை காத்தலை நாம் ‘அமானிதம்’ என்கிறோம். அதற்குப் பீட்டர்சனின் செயல் விளக்கமாகும்.

முடிவுரை

78 விமானங்கள் ஓர் எண்ணெய்க் கப்பலைத் தேடிச் சென்ற காலைப்பொழுதிலேயே ஜப்பானியர் ‘ஷோகோ’வை இழந்தனர். மோர்ஸ்பித் துறைமுகத்தைக் கடல்வழியே கைப்பற்றும் முயற்சியும் கைவிடப்பட்டது. மறுநாட் போரில் அமெரிக்கர் ‘லெக்சிங்டன்’ என்னும் பெருங்கப்பலை இழந்தனர். நியோஷோ இல்லாமையால் எண்ணெய் வழங்கும் வழி குறைந்தமை அவர்கள் பின்வாங்கியதற்கொரு காரணமாயிற்று. கவனிப்பாரற்ற ஒரு கப்பல் இருதரப்பின் போக்கையும் மாற்றியது.

கண்டதைக் கண்டவாறு சொல்லுதல், கேட்டதை முழுதும் கேட்டல், எழுதியதை மீளச் சரிபார்த்தல் ஆகிய மூன்றும் மொழிக்கல்வியின் தொடக்கப் பாடங்கள். வந்த செய்தியைத் தீர விசாரித்தே செயற்படுக என்பது நம் மார்க்கம் விதித்த ஒழுக்கம்; ஆராய்ந்து தெளிதலை வள்ளுவப் பெருந்தகையும் வற்புறுத்துகின்றார். வகுப்பறையில் ஒரு சொற்பிழைக்கு ஒரு மதிப்பெண் குறையும். நாளை நம் மாணவர்கள் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் செய்தித்தாளிலும் எழுதும் சொல்லுக்கும் எண்ணுக்கும் விலை வேறு. அதனை இன்றே உணர்ந்து கற்போமாக.